துறைமுகத் தரையில் வெண்கலம்: ரோவன் கில்லெஸ்பியின் நினைவுச் சிற்பங்களில் இடமும் திசையும்

முன்னுரை

அயர்லாந்தின் பெரும் பஞ்சம் (1845–1852) ஏறத்தாழ பத்து லட்சம் உயிர்களைப் பலிகொண்டது. ஏறத்தாழ அதே அளவு மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1851இல் 65 லட்சமாகச் சுருங்கியது. உருளைக்கிழங்குச் செடியைத் தாக்கிய கருகல் நோய் உடனடிக் காரணம். அந்த ஒரு பயிரையே நம்பி வாழும் நிலைக்கு ஏழைக் குடியானவர்களைத் தள்ளியிருந்த நிலவுடைமை முறையும், பஞ்சக் காலத்திலும் தானியம் கப்பலேறுவதைத் தடுக்காத பிரித்தானிய அரசின் கொள்கையும் அழிவைப் பெருக்கின. இத்தனை பெரிய இழப்புக்கு நெடுங்காலம் பொது நினைவுச் சின்னங்கள் அரிதாகவே இருந்தன. 1990களில், பஞ்சத்தின் 150ஆம் ஆண்டையொட்டித்தான் அவை பெருகின. அவற்றுள் உலகெங்கும் அதிகம் அறியப்பட்டது ரோவன் கில்லெஸ்பி டப்ளினில் அமைத்த 'பஞ்சம்' என்னும் சிற்பத் தொகுதி.

இத்தொகுதியைப் புகழ்வோரும் குறை கூறுவோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றனர்: எலும்பும் தோலுமான உடல்கள். மெலிந்த உடலைக் காட்டி உருக வைப்பது அரிய சாதனையன்று. பஞ்சத்தைப் பற்றிய எந்தப் படமும் அதைச் செய்யும். கில்லெஸ்பியின் சாதனை, உருவங்களுக்கு அவர் தேர்ந்த இடத்திலும் கொடுத்த திசையிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். டப்ளின் (1997), டொரோன்டோ (2007), ஹோபார்ட் (2017) ஆகிய மூன்று துறைமுகங்களில் நிற்கும் தொகுதிகளை ஒரு தொடராகப் படிக்கும்போது இது தெளிவாகும்.

வாழ்வும் தொழிலும்

கில்லெஸ்பி 1953இல் டப்ளினில் பிறந்தார். இளம்பருவத்தைச் சைப்ரஸில் கழித்தார். இங்கிலாந்தின் யார்க் கலைப்பள்ளியில் சேலி அர்னப் என்ற சிற்பியிடம் மெழுகு வார்ப்பு முறையை அறிந்தார். பின்னர் கிங்ஸ்டனிலும் ஓஸ்லோவிலும் பயின்றார். 1970களின் பிற்பகுதியில் அயர்லாந்து திரும்பி, டப்ளினை அடுத்த பிளாக்ராக்கில் தமக்கென ஒரு வார்ப்புப் பட்டறை அமைத்துக்கொண்டார்.

இந்தப் பட்டறை அவருடைய கலையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. இன்றைய வெண்கலச் சிற்பிகளுள் பலர் மாதிரியை உருவாக்கி, வார்ப்பைத் தொழிற்பட்டறைகளிடம் விட்டுவிடுகின்றனர். கில்லெஸ்பி மெழுகைச் செதுக்குவது முதல், அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வடித்து, வெண்கலத்தை ஊற்றி, பற்றவைத்து, நிறமேற்றி, இடத்தில் நிறுவுவது வரை எல்லாவற்றையும் தாமே செய்பவர். கந்தல் துணியின் மடிப்பும் கை விரல்களின் முடிச்சும் மெழுகில் அவர் கை பட்டபடியே உலோகத்தில் நிலைக்கின்றன. நிறுவும் வேலையும் அவருடையதாகவே இருப்பதால், சிற்பம் எங்கே, எந்த மட்டத்தில், எதைப் பார்த்து நிற்கும் என்பதும் படைப்பின் பகுதியாகிவிடுகிறது. டப்ளின் ட்ரெஷரி கட்டடத்தின் செங்குத்துச் சுவரில் ஓர் ஆடையற்ற உருவம் தொற்றி ஏறும் 'ஏக்கம்' (1995) இதற்குச் சான்று. அச்சுவர் இல்லையேல் அந்த உருவத்தின் முயற்சிக்குப் பொருளே இல்லை.

டப்ளின்: பீடமற்ற நடை

கொடையாளர் நார்மா ஸ்மர்ஃபிட்டின் முயற்சியில் உருவாகி 1997இல் டப்ளின் நகருக்கு அளிக்கப்பட்ட 'பஞ்சம்', லிஃபி ஆற்றங்கரையில் கஸ்டம் ஹவுஸ் துறையில் நிற்கிறது. 1846ஆம் ஆண்டு புனித பேட்ரிக் திருநாளன்று பெர்சிவியரன்ஸ் என்ற கப்பல் 210 பயணிகளுடன் நியூயார்க்குக்குப் புறப்பட்டது இத்துறையிலிருந்துதான்.

ஆளுயர உருவங்கள் கப்பலை நோக்கி நடக்கின்றன. ஒருவர் தளர்ந்த உடலொன்றைத் தோளில் சுமந்திருக்கிறார். சிலர் துணி மூட்டையை மார்போடு அணைத்திருக்கின்றனர். பின்னால் ஒரு நாய் தொடர்கிறது. பீடம் இல்லை, வேலி இல்லை. நடைபாதையில் செல்பவர் அவர்களுக்கு இடையில் புகுந்து, அவர்கள் நடக்கும் அதே கல்லில் கால் வைக்கிறார்.

இதன் தனித்தன்மை ஒப்பீட்டில் விளங்கும். எட்வர்ட் டிலேனி 1967இல் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் பூங்காவில் அமைத்த பஞ்சச் சிற்பம், உடல்களை உருக்குலைந்த வடிவங்களாக்கி, பூங்காவின் அமைதியில் ஒதுங்கி நிற்கிறது. ஜான் பீஹன் மேயோ மாவட்டத்து மரிஸ்கில் அமைத்த தேசியப் பஞ்ச நினைவுச்சின்னம் (1997), எலும்புக்கூடுகளே பாய்க்கயிறுகளான ஒரு மரணக் கப்பல். அது வலிமையான உருவகம். ஆயினும் பார்ப்பவர் கரையில் நின்று அதைப் பார்க்கிறார். கில்லெஸ்பி கப்பலைக் காட்டவில்லை, அதை நோக்கிய நடையை மட்டும் காட்டினார். கப்பல் இல்லாததால் நடை முடிவதில்லை. அதே தரையில் நிற்கும் பார்வையாளரும் அந்த முடியாத நடைக்குள் வந்துவிடுகிறார்.

டொரோன்டோ, ஹோபார்ட்: மறுகரை

1847ஆம் ஆண்டில் மட்டும் 38,000க்கும் மேற்பட்ட ஐரிஷ் அகதிகள் டொரோன்டோவில் வந்திறங்கினர். அந்நகரின் அன்றைய மக்கள்தொகை சுமார் 20,000. காய்ச்சல் கொட்டகைகளில் 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒன்டாரியோ ஏரிக்கரையிலுள்ள அயர்லாந்து பூங்காவில் கில்லெஸ்பி நிறுவிய 'புலம்பெயர்ந்தோர்' தொகுதியை 2007 ஜூனில் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் திறந்துவைத்தார்.

டப்ளினில் புறப்பட்டோரைவிட இங்கே வந்து சேர்ந்தோர் குறைவு, ஐந்தே உருவங்கள். ஒருவர் கைகளை வானோக்கி உயர்த்துகிறார். ஒரு கர்ப்பிணி வயிற்றைப் பற்றியிருக்கிறார். ஒரு பெண் தரையில் விழுந்து கிடக்கிறார். அருகில், கில்கெனி சுண்ணாம்புக்கல் சுவர்களின் இடுக்குகளில் இறந்தோரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மறுகரையில் இந்த ஐவர் நிறுவப்பட்டதும் டப்ளின் தொகுதியின் பொருளும் மாறிவிட்டது. இரு தொகுதிகளுக்கும் இடையிலுள்ள அட்லாண்டிக் கடலே படைப்பின் நடுப்பகுதியாயிற்று. எண்ணிக்கையிலுள்ள குறைவே கடலில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறது.

தாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் 2017இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் திறந்துவைத்த தொகுதி, மூன்று பெண்களையும் ஒரு குழந்தையையும் கொண்டது. பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கைதிகளாக நாடு கடத்தப்பட்ட சுமார் 13,000 பெண்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் அது நினைவுச்சின்னம். இங்கே வருகை விடுதலையன்று, தண்டனையின் தொடக்கம். ஆயினும் உருவங்கள் கரையேறி நகரை நோக்கி அடியெடுக்கும் நிலையிலேயே இருக்கின்றன. குற்றப் பதிவேட்டில் மட்டும் எஞ்சியிருந்தவர்களுக்குச் சிற்பி ஒரு முதலடியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

எதிர்வாதங்கள்

முதலாவது, வரலாற்று அடிப்படையிலான ஆட்சேபம். பசியால் செத்தவர்களும் கப்பலேறியவர்களும் பெரும்பாலும் வேறு வேறு பிரிவினர். கடற்பயணத்துக்குக் கட்டணம் தேவை. மேற்கிலும் தென்மேற்கிலும் மடிந்த பரம ஏழைகளிடம் அது இல்லை. வெளியேறியவர்களிலும் பெரும்பாலோர் லிவர்பூல் வழியாகவே அட்லாண்டிக்கைக் கடந்தனர். ஆகவே, டப்ளின் துறையில் சாகும் நிலையில் நடக்கும் இக்கூட்டம் ஆவணமாகாது. இந்த ஆட்சேபம் உண்மையானது. அதை மறைக்கத் தேவையில்லை. கில்லெஸ்பி செய்தது, கப்பலேற முடியாதவர்களின் உடலைக் கப்பலேறியவர்களின் பாதையில் நிறுத்தியது. தோளில் சுமக்கப்படும் உடலின் பொருள் அதுவே: பிழைத்தவர் மாண்டவரைச் சுமக்கிறார். வரலாற்றாசிரியர் பிரித்து வைக்க வேண்டியதை நினைவுச் சின்னம் சேர்த்து வைக்கலாம், சேர்ப்பது எதற்காக என்பது தெளிவாக இருக்கும்வரை.

இரண்டாவது, அறம் சார்ந்த ஆட்சேபம். சர்வதேச நிதிச் சேவை மையத்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு அருகே, சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பின்னணியாகப் பசி ஆகிவிட்டது என்பர். ஆனால் ஒதுக்குப்புறத்தில் வைத்திருந்தால் இத்துயரம் விழா நாளில் மட்டும் நினைக்கப்பட்டிருக்கும். பணம் புழங்கும் தெருவில் பட்டினியை நிறுத்தியதால், அன்றாடம் வேலைக்குச் செல்பவர் அதைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, இம்மெலிவும் நெளிவும் எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரு பாணி மட்டுமே என்ற ஆட்சேபம். இதற்கு விடை டப்ளினின் கில்மேனம் சிறைக்கு எதிரே நிற்கும் அவருடைய 'பிரகடனம்'. பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுடப்பட்டோரைக் குறிக்கும் 14 உருவங்கள், கண்கள் கட்டப்பட்டு, குண்டு துளைத்த உடலோடு வட்டமாக நிற்கின்றன. அங்கே நடை இல்லை, முகபாவம் இல்லை, உருக்கமும் இல்லை. தீர்ப்புக்குப்பின் அசைய வழியற்றவர்களை அசையாமல் நிறுத்தினார். ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய நிலையை இடத்திலிருந்தே பெறுகிறார் என்பதை இப்படைப்பு உறுதிப்படுத்துகிறது.

முடிவுரை

உருவச் சிற்பத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற கருத்து நவீனக் கலை விமர்சனத்தில் நெடுநாள் நிலவியது. கில்லெஸ்பி அதைக் கோட்பாட்டால் மறுக்கவில்லை. மனித உருவத்தைப் பீடத்திலிருந்து இறக்கி, வரலாறு நடந்த அதே தரையில், அது சென்ற அதே திசையில் நிறுத்திக் காட்டினார். ஒரு நகரத்தின் எல்லைக்குள் முடிந்துவிடும் பொருளாகவே நினைவுச்சின்னத்தை ஆய்வாளர் கருதிவந்தனர். புலப்பெயர்வை நினைவுகூரும் சின்னத்துக்கு அந்த எல்லை பொருந்தாது. புறப்பட்ட கரையும் சேர்ந்த கரையும் ஒருங்கே ஆராயப்பட வேண்டும். டப்ளின், டொரோன்டோ, ஹோபார்ட் தொகுதிகளைத் தனித்தனியே மதிப்பிடும் ஆய்வு, கில்லெஸ்பியின் படைப்பில் பாதியையே காணும்.