விளக்கும் குடமும்

சர்வஜன வாக்கெடுப்பை இன்றைய அரபு மொழியில் ‘இஸ்திஃப்தா’ என்று வழங்குகின்றனர். மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு இச்சொல் வேறொரு பொருளில் நெடுநாளாய்ப் பழக்கமானது. மார்க்கச் சட்டத்தில் ஐயமுற்றவர் முஃப்தியை நாடித் தீர்ப்புக் கேட்பதே இஸ்திஃப்தா. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் உரிய ஒழுக்கங்களை இமாம் நவவி அவர்கள் தமது ‘மஜ்மூஃ’ நூலின் முன்னுரையில் விரித்துரைத்துள்ளார்கள். விடை வினாவைச் சார்ந்தே அமையும். ஆதலின், வினாவைத் தன் நலத்துக்கேற்ப வளைத்துக் கேட்பவரிடம் முஃப்தி விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது அத்துறையின் பாலபாடம். முஃப்தியின் இருக்கையில் ஒரு நாட்டு மக்களே அமர்ந்து விடையளிக்கும்போது அந்த விழிப்பு எங்ஙனம் அமையும்? 1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இலங்கையில் நடந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

அதற்கு ஐந்தாண்டுகட்கு முன், 1977 ஜூலையில் நடந்த பொதுத் தேர்தலில், ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 51 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்குகளைப் பெற்றது. கிடைத்த இடங்களோ 168இல் 140. ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள்! வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களுடன் எதிர்க்கட்சியாய் அமர்ந்தது. பாதி மக்களின் இசைவு ஆறில் ஐந்து பங்கு அதிகாரமாக உருமாறியது. இக்கோணலை நேர்செய்யும் வழியை அப்பெரும்பான்மையே 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் வகுத்தது என்பதையும் நடுநிலையுடன் குறிப்பிட வேண்டும். அடுத்த தேர்தல் முதல், பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கேற்ப இடங்கள் பகிரப்படும் என்று அது விதித்தது. பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறாண்டு. அதனை நீட்டிக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் ஆதரவோடு சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்று வேலியும் இட்டது.

வேலியிட்டவர் ஜே. ஆர். ஜெயவர்தனா. இவர் யார்? 1970இல் தெரிவான அரசு 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் வழியாக, மக்களைக் கேளாமலே தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டபோது, 1975இல் தம் பதவியைத் துறந்து, இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் புதிதாய் ஆணை பெற்று மீண்டவர். அந்த ஜெயவர்தனாவே 1982 அக்டோபர் 20ஆம் நாள் சனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். பொதுத் தேர்தல் 1983 ஆகஸ்டுக்குள் வந்தாக வேண்டும். புதிய விகிதாசார முறையில் 53 விழுக்காடு வாக்குகள் சாதாரணப் பெரும்பான்மையைத் தரலாம். மூன்றில் இரண்டு பங்கைத் தருவது அரிது. தாம் வகுத்த முறையே தம் கையிலிருந்த ஆறில் ஐந்து பங்கைக் கரைத்துவிடும் என்பதை அவர் கண்டார்.

ஆகவே வினா மாற்றிக் கேட்கப்பட்டது. ‘உங்கள் பிரதிநிதி யார்?’ என்னும் வினா நீங்கி, ‘இருக்கின்ற பாராளுமன்றம் 1989 ஆகஸ்ட் வரை நீடிப்பதை ஒப்புகிறீரா?’ என்னும் வினா எழுந்தது. ஒப்புவோர்க்கு விளக்குச் சின்னம். மறுப்போர்க்குக் குடச் சின்னம். எதிர்க்கட்சியினரில் சிலர் தம்மைக் கொல்லச் சதி செய்தனர் என்று சனாதிபதி காரணம் கூறினார். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் நாள் குறிக்கப்படாத விலகல் கடிதங்கள் முன்னரே பெறப்பட்டன. உயர்நீதிமன்றத்தில் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாய்ப் பிரிந்து, பெரும்பான்மைத் தீர்ப்பால் வழி திறந்தது.

முடிவு: விளக்குக்கு 31,41,223, குடத்துக்கு 26,05,983. விழுக்காட்டில் 54.66க்கு 45.34. இரு மாதங்களுக்கு முன் சனாதிபதிக்கு விழுந்தவற்றினும் விளக்குக்கு விழுந்தவை மூன்று லட்சம் குறைவு. வாக்களிப்பில் மிரட்டலும் ஆள்மாறாட்டமும் நிகழ்ந்தமை தேர்தல் ஆணையாளர் பின்னர் அளித்த அறிக்கையிலேயே பதிவாயிற்று. எனினும், வாதத்துக்காக அவை யாவும் நேர்மையாகவே நடந்தன என்று கொள்வோம். அப்போதும் ஒன்று எஞ்சி நிற்கிறது. தேர்தலில் தோற்ற தரப்புக்கும் சில இடங்கள் கிட்டும். சபையில் அதன் நா அசையும். இவ்வாக்கெடுப்பில் குடத்துக்கு இட்ட இருபத்தாறு லட்சம் வாக்குகளும் ஓர் இடத்தையும் தரவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர் மறுத்தனர். அவர்களுடைய உறுப்பினர்களின் தவணையும் பிறர் வாக்கினால் நீட்டிக்கப்பட்டது. தன் வக்கீல் தொடர வேண்டுமா என்பதை எதிர்வழக்காடியும் சேர்ந்து தீர்மானித்தாற்போன்ற நிலை அது.

இக்குறை ஆளுங்கட்சிக்கும் உறுத்தியது போலும். குடம் மேலோங்கிய தொகுதிகளில் தம் உறுப்பினர் பலரை விலகச் செய்து, 1983 மே மாதம் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடத்தினர், பதினான்கில் வென்றனர். மக்களின் நேரடி ஆணை முழுமையாய்க் கிட்டிவிட்டதெனின் இந்தப் பரிகாரம் எதற்கு?

அவ்வாண்டு ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த கொடுமைகளுக்கு இவ்வாக்கெடுப்பே காரணம் என்பது மிகையாகும்; அதன் வேர்கள் ஆழமானவை. ஆனால் அவற்றின்பின் என்ன நேர்ந்தது என்பதில் இதற்குப் பங்குண்டு. ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டுக் கோரிக்கையை மறுத்து உறுதிமொழி எடுக்க அது கட்டளையிட்டது. எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் இடமிழந்தனர். அத்திருத்தத்தை எளிதில் நிறைவேற்றியது, விளக்கு நீட்டித்துக் கொடுத்த அதே ஆறில் ஐந்து பங்குதான். பேச வேண்டிய காலம் முழுதும் யாழ்ப்பாணத்தின் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன.

ஒத்திவைக்கப்பட்ட பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15ஆம் நாள், விகிதாசார முறையில் நடைபெற்றது. ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்கு, 1977இல் போலவே, 51 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இடங்கள் 225இல் 125. 1982இல் கேட்கப்படாத வினாவுக்கு உரிய விடை இதுவே எனலாம். 2001இல் இன்னொரு சனாதிபதி மற்றொரு வாக்கெடுப்பை அறிவித்துப் பின் கைவிட்டார். 1982க்குப் பின் நாடு தழுவிய சர்வஜன வாக்கெடுப்பு எதுவும் இலங்கையில் நடைபெறவில்லை.