எதிரே வருகிறவர் கண்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். இருட்டிய பிறகு ஒரு தடவை போய் வந்தால் போதும். வண்டி விளக்கின் சரித்திரம் முழுவதையும் அந்தச் சாலையிலேயே படித்துவிடலாம். பழைய லாரி ஒன்று மஞ்சளாக மினுக்கிக்கொண்டு வரும். அதன் பின்னால் ஹாலஜன் பல்பு போட்ட பஸ். இரண்டையும் முந்திக்கொண்டு, சந்திரனைப் பிடித்து முகப்பில் கட்டியதுபோல் நீல வெள்ளையாக ஒரு கார் வரும். அது போன பிறகு சற்று நேரம் நமக்கு ஒன்றுமே தெரியாது!

மோட்டாருக்கு முன்னால் இந்தச் சாலையில் இருந்த விளக்கு வேறு ஜாதி. மாட்டு வண்டியின் அடியில் அரிக்கன் விளக்கு ஆடிக்கொண்டே போகும். வண்டிக்காரர் உறங்கிவிடுவார், மாடுகளுக்கு வழி தெரியும். 'இதோ நான் போகிறேன்' என்று பிறருக்குச் சொல்லத்தான் அந்த விளக்கு. நமக்கு வழி காட்டும் விளக்கு என்பது வேகத்தோடு வந்த தேவை.

ஆரம்ப கால மோட்டார்களின் விளக்கில் எரிந்தது என்ன தெரியுமா? மாம்பழத்தை அவசரப்படுத்திப் பழுக்க வைக்கிறார்களே, அந்தக் கார்பைடு கல்தான்! கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். தீக்குச்சி கிழித்து ஏற்ற வேண்டும். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரையும் மின்சார விளக்கையும் சேர்த்துக் கொண்டுவந்தது.

வெளிச்சம் கூடக்கூட வம்பும் கூடிற்று. எதிரே வருகிறவருக்குக் கண் கூசியது. முதலில், வண்டியை நிறுத்தி இறங்கி, விளக்கைக் கையால் தாழ்த்த வேண்டியிருந்தது. 1920-களில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் வந்தன: ஒன்று தூரத்துக்கு, ஒன்று தாழ்வுக்கு. நம் பழைய அம்பாஸடரில் இடது காலருகே தரையில் ஒரு பொத்தான் இருக்கும். தட்டினால் 'டிம்'. கைகூப்புவதைக் காலால் செய்கிற மரியாதை அது!

1962-ல் ஐரோப்பாவில் ஹாலஜன் வந்தது. 1971-ல் இரண்டு இழை கொண்ட எச்-4 பல்பு, 60 வாட்டும் 55 வாட்டுமாக. 1991-ல் பி.எம்.டபிள்யூ. காரில் ஸெனான். அதில் இழையே இல்லை, வாயுவுக்குள் மின்பொறி. 35 வாட்டிலேயே ஹாலஜனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம். ஆனால் வெளிச்சத்தை மாற்றியவர்கள் அதை அடக்கி அனுப்பும் கண்ணாடிக் கூட்டையும் மாற்றினார்கள். ஸெனான் காரில், சுமைக்குத் தக்கபடி விளக்கு தானே தாழவேண்டும் என்பது ஐரோப்பாவில் சட்டம்.

நம் ஊரில் பாதிதான் நடக்கிறது. விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "பழைய பல்பைக் கழட்டிட்டு இந்த எல்.இ.டி.யை மாட்டினா ரோடு பகலாயிடும் சார். பத்து நிமிஷ வேலை."

"எதிரே வர்றவருக்கு?"

"அவரும் மாத்திக்கட்டுமே சார்!"

அங்கேதான் இருக்கிறது கோளாறு. பழைய கூட்டின் வளைவு பழைய இழை இருந்த இடத்தைக் குறியாக வைத்துச் செய்தது. குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வெளிச்சம் சாலையை விட்டு மேலே சிதறும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்குக் கணக்கே உண்டு: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. சைக்கிளில் வரும் மனிதரின் கண் ஏறக்குறைய அந்த உயரந்தான்.

நான்கு வழிச் சாலையின் நடுவே அரளிச் செடிகள் ஓரளவு காப்பாற்றுகின்றன. கிளைச் சாலைக்குத் திரும்பினால் அரளி ஏது? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண் இருண்டால் வண்டி 66 மீட்டர் ஓடிவிடும். அதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தால், அவர் தலைவிதியை எழுதியது யார்? கண் இருண்டவரா, இருட்டடித்தவரா?

வெளிச்சம் போதவில்லையென்றால் மங்கிய முகப்பைத் துலக்கலாம்; குறி தப்பிய விளக்கைத் திருகிச் சரிசெய்யலாம்; அளவான புதுப் பல்பு போடலாம். செலவு சொற்பம். சாலையில் நாம் பாதி நேரம் விளக்குக்குப் பின்னால் இருக்கிறோம். மீதி நேரம் பிறர் விளக்குக்கு முன்னால்தானே இருக்கிறோம்?