அல்கா நச்சு, ஆய்வுகூடக் கலங்களில் ஒட்டுதல்

நீர் மாதிரியிலுள்ள அல்கா நச்சின் ஒரு பகுதி போத்தல், வடிதாள், பிப்பெட் முனை ஆகியவற்றின் பரப்பில் படிந்துவிடுவதால் அளவீடு உண்மையைவிடக் குறைந்து வருதல். கொழும்பில் இது ஏட்டுச் சிக்கலன்று. நகர நடுவிலுள்ள பேர வாவியைப் பச்சையாக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை அல்காவே, ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டினை உண்டாக்கவல்லது.

மைக்ரோசிஸ்டின் ஏழு அமினோ அமிலங்களாலான வளையம். அவற்றுள் ‘அட்டா’ எனப்படுவது நீரை வெறுக்கும் நீண்ட பக்கச்சங்கிலி கொண்டது. அதனால் பொலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கில் நச்சு எளிதில் ஒட்டுகிறது. வகைக்கு வகை இழப்பு வேறுபடும்: ஆர்ஜினின் உள்ள எல்ஆர் வகையைவிட, நீரை மேலும் வெறுக்கும் எல்எஃப், எல்டபிள்யூ வகைகள் கூடுதலாக ஒட்டும். கலம் சிறிதானால், நீரின் அளவுக்குத் தொடுபரப்பு அதிகம். ஆகவே பெரிய போத்தலைவிடச் சின்னஞ்சிறு பிப்பெட் முனையே மோசமான திருடன். ஒரே முனையால் கரைசலைத் திரும்பத் திரும்ப எடுத்தால் ஒவ்வொரு முறையும் சிறிது நச்சு குறையும்.

கண்ணாடிக் கலமும் மெதனோல் சேர்த்த கரைசலும் இழப்பைக் குறைக்கின்றன. ஆனால் மெதனோல் மிகுந்தால் நச்சை அளக்கும் எலைசா சோதனையைக் குழப்பும் என்பதால் அளவறிந்தே சேர்க்க வேண்டும். ஒப்பீட்டுக்கான நியமக் கரைசலிலுள்ள நச்சும் இவ்வாறே ஒட்டுவதால் அளவுகோடே பிழையாகலாம். இது பலர் கவனியாத இடம்.

குடிநீரிலுள்ள மைக்ரோசிஸ்டினுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வாழ்நாள் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம். அந்த எல்லையருகே சிறு இழப்பும் ஆபத்தான நீரைப் பாதுகாப்பானதாகக் காட்டிவிடும்.