சாட்: ஏரியின் பெயரைத் தாங்கிய பாலை நாடு

ஆப்பிரிக்காவின் நடுவே கடற்கரையின்றி அமைந்த நாடு சாட். பரப்பில் அக்கண்டத்தின் ஐந்தாவது பெரிய நாடான இது சுமார் 12,84,000 சதுர கிலோமீட்டர் விரிந்தது. வடக்கே லிபியா, கிழக்கே சூடான், தெற்கே மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மேற்கிலும் தென்மேற்கிலும் நைஜர், நைஜீரியா, கேமரூன் ஆகியவை சூழ்ந்துள்ளன. கடல் வழியாக வரும் சரக்கில் பெரும்பகுதி கேமரூனின் துவாலா துறைமுகத்தில் இறங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தரைவழியே வந்துதான் தலைநகர் என்ஜமேனாவைச் சேர்கிறது.

நாட்டின் வட பகுதி முழுவதும் சகாரா. நடுவே புல்லும் முள்மரமும் கொண்ட சாகேல் பகுதி. தெற்கே மழை பெய்து பருத்தி விளையும் சமவெளி. இப்படிப்பட்ட நாட்டுக்குப் பெயர் தந்தது ஓர் ஏரி. கனூரி மொழியில் ‘சாட்’ என்றால் பரந்த நீர்ப்பரப்பு. அந்த நீர் பெருகியதும் சுருங்கியதுமே இந்நாட்டின் வரலாறு என்று சொல்லிவிடலாம்.

நிலம் ஒரு பெரிய கிண்ணம் போன்றது. வடக்கு விளிம்பில் திபெஸ்தி எரிமலைத் தொடர். அதன் எமி கூசி சிகரம் 3,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்து சகாராவிலேயே உயரமானதாக நிற்கிறது. கிண்ணத்தின் அடி ஏரி அல்ல என்பதுதான் வியப்பு. ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்க, வடகிழக்கே வறண்டு கிடக்கும் போடெலே பள்ளம் அதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்வானது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளமும் நீரில் மூழ்கியிருந்தது. அன்றைய ஏரி மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதில் வாழ்ந்து மடிந்த நுண்பாசிகளின் ஓடுகள் இன்று வெள்ளைப் புழுதியாகக் கிடக்கின்றன. திபெஸ்திக்கும் என்னெடி மலைக்கும் இடையே புகுந்து வரும் காற்று அதை வாரி எடுத்து, அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காடுவரை கொண்டு சேர்க்கிறது. செத்த ஏரி, கடலுக்கு அப்பாலுள்ள காட்டுக்கு இன்றும் பாஸ்பரஸ் உரம் இடுகிறது.

2001இல் இதே வடபுலத்தின் ஜுராப் பாலையில் சுமார் 70 லட்சம் ஆண்டுப் பழமையான மண்டையோடு ஒன்று கிடைத்தது. மனித மரபின் தொடக்கத்தோடு இணைத்துப் பேசப்படும் அதற்கு ‘தூமாய்’ என்று பெயரிட்டனர். வறண்ட பருவத்துக்குச் சற்று முன் பிறக்கும் குழந்தைக்கு அப்பகுதி மக்கள் வைக்கும் பெயர் அது.

ஏரியின் வடகிழக்குக் கரையில் 9ஆம் நூற்றாண்டளவில் கானெம் அரசு எழுந்தது. சகாராவைக் கடந்து லிபியாவின் பெசான் வரை சென்ற ஒட்டகப் பாதையே அதன் செல்வம். அப்பாதையில் உப்பு மட்டும் போகவில்லை. பிடிபட்ட மனிதர்களும் அடிமைகளாகப் போனார்கள். 14ஆம் நூற்றாண்டில் அரசகுலம் ஏரியின் மேற்கே போர்னுவுக்கு இடம்பெயர்ந்தது.

1900 ஏப்ரல் 22 அன்று குசெரிப் போரில் பிரெஞ்சுப் படை, அப்போது போர்னுவை ஆண்ட ராபியைத் தோற்கடித்துக் கொன்றது. அதே போரில் மாண்ட பிரெஞ்சுத் தளபதி லாமியின் பெயரில், ஷாரி, லோகோன் ஆறுகள் கூடும் இடத்தில் லாமிக் கோட்டை எழுந்தது. 1973இல் அது என்ஜமேனா ஆனது. பருத்தி விளைந்த தெற்கை மட்டுமே ‘பயனுள்ள சாட்’ என்று பிரெஞ்சு ஆட்சி கருதியது. 1960 ஆகஸ்ட் 11 அன்று விடுதலை பெற்ற நாட்டை உள்நாட்டுப் போர்களில் தள்ளியதில் அந்தப் பாகுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. வடக்கே லிபியா பிடித்து வைத்திருந்த அவுசு நிலப்பட்டை, 1994இல் அனைத்துலக நீதிமன்றத் தீர்ப்பால் திரும்பக் கிடைத்தது.

ஏரிக்கு வரும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஷாரி ஆறு தருவது. கடலுக்கு வழியில்லாத ஏரியாக இருந்தும் நீர் பெரும்பாலும் உவர்ப்பதில்லை. உப்பு நிலத்தடியில் கசிந்து வெளியேறிவிடுகிறது. ஆனால் கரையோர மணற்குன்றுகளிடையே உவர்க்குட்டைகள் உண்டு. அவற்றில் படரும் பச்சைப் பாசியைக் கானெம்பு இனப் பெண்கள் வழித்தெடுத்து, மணலில் வட்டமாகப் பரப்பி, நீர் வடிந்ததும் துண்டுகளாக நறுக்கிக் காயவைக்கிறார்கள். ‘திஹே’ எனப்படும் அத்துண்டு சந்தையில் விலைபோய், குழம்பில் கரைகிறது. நம் ஊர் மருந்துக்கடையில் ஸ்பைருலினா என்று விற்கும் பொருள்தான் அது.

1960களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டராக இருந்த ஏரி, 1970, 80களின் கடும் வறட்சியில் பத்தில் ஒரு பங்காகக் குறுகி, வடகுளம் தென்குளம் என இரண்டாகப் பிரிந்தது. அடியோடு வற்றிவிடும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. 1990களுக்குப் பின் ஓரளவு மீண்டிருக்கிறது. 2022இல் ஆறுகள் பெருகித் தலைநகரின் பல பகுதிகளே வெள்ளத்தில் மூழ்கின. தெற்கே பெய்த மழை ஏரியை வந்தடையச் சில மாதங்கள் ஆவதால், ஓராண்டுக்குள்ளேயே அதன் கரை நகர்கிறது. சாட் ஏரியின் பரப்பளவை எங்கே படித்தாலும், அது எந்த ஆண்டில், எந்த மாதத்தில் எடுத்த அளவு என்று பாருங்கள்.