வெள்ளிச் சுரங்க ஊரில் ஒரு பங்குக் கோயில்: வர்ஜீனியா சிட்டி புனித மரியாள் கோயிலும் 1875ஆம் ஆண்டுத் தீயும்

முன்னுரை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டேவிட்சன் மலைச்சரிவில் அமைந்துள்ளது வர்ஜீனியா சிட்டி. 1859இல் கோம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் வெளிப்பட்டதால் தோன்றிய இவ்வூரில் 1870களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 25,000 மக்கள் வாழ்ந்தனர். இன்று ஆயிரம் பேருக்கும் குறைவானோரே வாழ்கின்றனர். இங்குள்ள புனித மரியாள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைக் காண வருவோர் அதன் வரலாறாகக் கேட்பது பெரும்பாலும் ஒரு வாய்மொழிக் கதையே. அக்கதை எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீயும் கதையும்

1875 அக்டோபர் 26 அன்று அதிகாலையில் தங்கும் விடுதியொன்றில் பற்றிய தீ, காற்றால் பரவி ஊரின் பெரும்பகுதியை அழித்தது. தீ சுரங்கவாய்களை நெருங்கியபோது அதைத் தடுக்கக் கோயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது என்றும், சுரங்கம் தப்பினால் புதிய கோயில் கட்டித் தருவதாகச் சுரங்க அதிபர் ஜான் மெக்கே வாக்களித்தார் என்றும் கதை கூறுகிறது.

கதையில் காணப்படும் அச்சத்திற்குத் தக்க காரணம் உண்டு. கோம்ஸ்டாக்கின் தாதுப்படிவம் அகன்றது, எளிதில் சரியக்கூடியது. ஆகவே தோண்டிய வெற்றிடங்களை மரச்சட்டக் கூடுகளை அடுக்கித் தாங்கும் முறையை 1860இல் பிலிப் டைடஸ்ஹைமர் வகுத்தார். இதனால் நிலத்தடி முழுவதும் மரம் நிறைந்தது. 1869இல் அண்டையூரான கோல்ட் ஹில்லில் எல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் மூண்ட தீ 30க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. ஆகவே சுரங்கத்தீ குறித்த அச்சம் முதலாளியின் உடைமை பற்றியது மட்டுமன்று. தொழிலாளியின் உயிர் பற்றியதும் ஆகும். கதையோ முன்னதை மட்டுமே நினைவில் கொள்கிறது.

கதை மறைப்பவை

முதலாவதாக, பங்குத்தந்தை பேட்ரிக் மனோக். அயர்லாந்தில் பிறந்த இவர் கலிபோர்னியாவில் சுரங்கத் தொழிலாளியாக உழைத்தவர்; பாரிசில் பயின்று 1861இல் குருப்பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இவ்வூருக்கு வந்தார். 1886இல் சேக்ரமெண்டோவின் முதல் ஆயரானார். மெக்கேயும் டப்ளினில் பிறந்து, கோம்ஸ்டாக்கில் கூலித் தொழிலாளியாகத் தொடங்கியவரே. இருவருக்கும் இருந்த பொதுப் பின்புலத்தைக் கதை ஒரு நொடிப் பேரமாகச் சுருக்கிவிடுகிறது.

இரண்டாவதாக, அன்பின் புதல்வியர் சபைக் கன்னியர். 1864இல் வந்த இவர்கள் பள்ளியும் ஆதரவற்ற சிறார் இல்லமும் நடத்தினர். 1870களில் மருத்துவமனையும் தொடங்கினர். சுரங்க விபத்துகளின் சுமையை இந்நிறுவனங்களே தாங்கின.

மூன்றாவதாக, தொழிலாளர். அயர்லாந்துக்காரர் மிகுந்த இவ்வூரில் 1867இல் அமைந்த சுரங்கத் தொழிலாளர் சங்கம் நாளொன்றுக்கு 4 டாலர் கூலியை நிலைநிறுத்தியது. ஞாயிறுதோறும் கோயிலை நிறைத்தவர்களுள் இவர்களே பெரும்பான்மையினர் எனக் கருதலாம். ஆயினும் கோயிலை ஒரு செல்வரின் கொடையாகக் காட்டும் கதையில் இவர்களுக்கு இடமில்லை.

முடிவுரை

கோதிக் மறுமலர்ச்சிப் பாணியில் செங்கல்லால் அமைந்த இன்றைய கோயில் 1876–77 காலத்தில் எழுந்தது. தாது அருகியபின் ஊர் வெறுமையுற்றது. மீண்டும் கட்டிக்கொள்ளலாம் எனக் கதை கருதிய கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. எவ்விலை கொடுத்தேனும் காக்கப்பட வேண்டியதாகக் கருதிய சுரங்கமே ஓய்ந்துவிட்டது. எனவே சுரங்க ஊர்க் கோயில்களின் வரலாற்றைக் கொடையாளர் பெயரிலிருந்து மட்டும் எழுதுதல் போதாது. தொழில்நுட்பம், தொழிற்சங்கம், கன்னியர் பணி ஆகியவற்றையும் இணைத்தே எழுத வேண்டும்.