பத்மினிக்கு இருபது வயது

2003 அக்டோபர் 29 அன்று மும்பையின் தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு பிரீமியர் பத்மினி, கருப்பு மஞ்சள் டாக்சியாகப் பதிவு செய்யப்பட்டது. அந்நகரில் டாக்சியாகப் பதிவான கடைசிப் பத்மினி அதுதான். மும்பையில் ஒரு டாக்சி இருபது ஆண்டுகள் மட்டுமே ஓடலாம். எனவே 2023 அக்டோபர் 30 முதல் நகரின் சாலைகளில் பத்மினி டாக்சிக்கு இடமில்லை என்பது பத்து ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்ட செய்தி. அன்றைய நாளிதழ்கள் எழுதிய பிரிவுரைகளில் ஏக்கம் நிறைய இருந்தது. அந்த ஏக்கம் எதிலிருந்து பிறந்தது என்ற கேள்வியைத்தான் காணவில்லை.

வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பையின் குர்லாவில் தொழிற்சாலை அமைத்தது. முதலில் கிரைஸ்லர் குழுமத்தின் அமெரிக்க வண்டிகள். பின்னர் இத்தாலியின் ஃபியட். உள்நாட்டிலேயே படிப்படியாக உதிரிபாகங்களைத் தயாரிக்க ஒப்பும் நிறுவனங்களுக்கே இடம் என்ற கொள்கை, 1953ஆம் ஆண்டின் சுங்கவரி ஆணையப் பரிந்துரையை ஒட்டி உறுதிப்பட்டது. உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நாட்டைவிட்டு வெளியேறின. எஞ்சிய களத்தில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. ஒரு தலைமுறைக்குக் கார் என்றால் ஏறக்குறைய இவ்வளவுதான்.

1964இல் வந்த ஃபியட் 1100 டிலைட்தான் பிற்காலப் பத்மினியின் உடல். 1089 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இயந்திரம், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்புறம் நீள இருக்கை. இத்தாலிய நிறுவனத்துடனான உரிமம் முடிந்தபின் 1970களின் தொடக்கத்தில் அது 'பிரீமியர் பிரெசிடென்ட்' ஆயிற்று. 1974இல் 'பிரீமியர் பத்மினி'. பெயர் மாறியதே தவிர வண்டி மாறவில்லை. மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க ஆள் இருக்கும்போது எந்த ஆலை வடிவத்தை மாற்றும்?

பத்மினியின் மீதான பிரியத்துக்கு வேர் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. எளிதில் கிடைக்காத பொருளை எளிதில் கழிக்க முடியாது. இயந்திரம் தேய்ந்தால் அதை இறக்கி, சிலிண்டரைப் போர் செய்து, அளவு கூடிய பிஸ்டன் ஏற்றினார்கள். துருப்பிடித்த தகட்டை டிங்கர் வெட்டியெடுத்து வேறு தகடு வைத்துப் பற்றவைத்தார். கடையில் கிடைக்காத உதிரியை லேத் பட்டறை கடைந்து கொடுத்தது. வடிவம் பல்லாண்டு மாறாததால், ஒரு வண்டியின் உறுப்பு அடுத்த வண்டிக்குப் பொருந்தியது. அந்தப் பழுதுபார்ப்பு அறிவு, உரிம ஆட்சியின் பற்றாக்குறை தன்னையறியாமல் வளர்த்த குழந்தை. பிரிவுரைகள் குழந்தையைக் கொஞ்சின, தாயை மறந்துவிட்டன.

மொழியில் இந்த வரலாறு வேறு விதமாகப் பதிந்துள்ளது. 1950களின் உருண்டை வடிவ ஃபியட்டை மராத்தியர் 'டுக்கர் ஃபியட்', அதாவது பன்றி ஃபியட் என்றனர். ஜாயசியின் அவதி மொழிக் காவியம் புகழ்பெறச் செய்த சித்தோர் அரசியின் பெயரை நிறுவனம் சூட்டிய பிறகும், மக்கள் வாயில் அது ஃபியட்டாகவே நீடித்தது. டாக்சிக்கு நிறத்தால் வந்த பெயர் காலி-பீலி. கருப்பைக் குறிக்கும் இந்த முதற்சொல்லின் ககரத்தை மூச்சொலியோடு உச்சரித்தால் பம்பாய் இந்தியில் 'வீணாக' என்று பொருள் மாறிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. தமிழில் வழங்கும் 'காலி' அந்த இரண்டாவது சொல்லின் உறவுதான்.

ஸ்டெப்னியின் கதை இன்னும் சுவையானது. கார்கள் மாற்றுச் சக்கரமில்லாமல் விற்கப்பட்ட காலத்தில், 1904இல், வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் காற்றடைத்த உதவிச் சக்கரம் ஒன்றைத் தயாரித்தனர். தெருவின் பெயர் பொருளுக்கு ஆயிற்று. ஆங்கிலேயர் அச்சொல்லை ஏறக்குறைய மறந்துவிட்ட பின்னரும் இந்திய மொழிகள் பலவற்றில் அது உயிரோடிருக்கிறது. டிக்கியும் அவ்வாறே: பழைய ஆங்கிலக் கார்களின் பின்புற மடக்கு இருக்கையைச் சுட்டிய சொல், இங்கே பெட்டி வைக்கும் இடமாயிற்று.

பத்மினி டாக்சியிலோ டிக்கிக்கும் அந்தப் பொருள் நிலைக்கவில்லை. நகரின் காற்று மாசு குறித்து 1999இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கைத் தொடர்ந்து பழைய டாக்சிகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டன. உருளை டிக்கியை அடைத்துக்கொள்ள, பயணியின் மூட்டைகள் கூரைமேல் கட்டிய கம்பிச்சட்டத்துக்கு ஏறின. பலரும் அழகென்று நினைவுகூரும் அந்தச் சட்டத்துக்குப் பின்னே ஒரு நகரம் மூச்சுத் திணறிய வழக்கு இருக்கிறது. புகையைப் பற்றிய அந்த முறையீடு நியாயமானது என்பதில் ஐயமில்லை.

ஐயம் வயதைப் பற்றியது. மும்பை டாக்சிகளுக்கு 2008இல் இருபத்தைந்து ஆண்டு வரம்பு வந்தது. 2013இல் அது இருபதாகக் குறைந்தது. இயந்திரம் ஒருமுறை, தகடு இருமுறை, இருக்கை பலமுறை மாறிய வண்டிக்கு வயது என்ன? பட்டறையில் கேட்டால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விடை வரும். பதிவேட்டில் ஒரே விடைதான். பத்மினியின் முடிவு, வண்டியைச் சோதித்து எட்டப்பட்டதன்று. நாளைக் கணக்கிட்டு எட்டப்பட்டது. இத்தனை ஆயிரம் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க அரசிடம் ஆளும் கருவியும் ஏது என்ற எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

ஓட்டுநர்களுக்கு இதன் விளைவு நேரடியானது. பெர்மிட் சாகவில்லை, அது புது வண்டிக்கு மாறியது. கடனும் உடன் வந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்து, வண்டியின் ஒலியைக் கேட்டே நோயைச் சொல்லப் பழகிய முதியவருக்கு, கணினிப்பெட்டி செருகிக் கோளாறு கண்டறியும் புது வண்டியில் அந்தக் காது பயன்படாது.

ஒரு பத்மினியையாவது அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று டாக்சி ஓட்டுநர் சங்கம் அரசிடம் மனு அளித்திருந்தது. கடைசி வண்டியின் பதிவு முடிந்த நாள்வரை அம்மனு நிறைவேறவில்லை.