நாய்க்குட்டியின் தாடையும் கொல்லிமலைக் கேழ்வரகும்

கொல்லிமலை என்றதும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், அப்புறம் வல்வில் ஓரி என்று வரிசையாக நினைவுக்கு வரும். ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-ஆவது பாட்டு. அந்தப் பாட்டில் நாய் கிடையாது. அம்பு ஒன்றே போதும் என்றால் நாய்க்கு அங்கே என்ன வேலை!

ஆனால் ஓரியைப் போல் வில் வாய்க்காத சாதாரண வேடர்களுக்கு நாயின் வாய்தான் இன்னொரு ஆயுதம். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு முயல் வேட்டையைக் காட்டுகிறார். வேலியோரம் வலை கட்டி, புதரைக் கலைத்து, முயல் தப்பாதபடி வளைக்கிறார்கள். அங்கே நாய்க்குப் புலவர் தரும் அடைமொழி அதன் நிறமோ வேகமோ அல்ல, பிளந்த வாய். நாயை வாயால் அடையாளம் காணும் பழக்கம் நமக்கு அவ்வளவு பழையது.

குட்டிக்கும் பழைய சொற்கள் உண்டு. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டியைக் குருளை என்கிறது. குட்டி, பறழ் என்றாலும் தவறில்லை என்கிறது. நாய்க்குட்டியும் புலிக்குட்டியும் ஒரே பெயரில்! பிறந்தவுடன் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும். இரண்டுக்கும் உருண்டைத் தலை, சப்பை மூக்கு, மூடிய கண், பல்லில்லாத வாய்.

நாயின் வாய்க்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை ஒரு கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் உள்ள எடத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டு. தொறு மீட்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. வீரனுக்குப் பின்னால் நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. எத்தனையோ குறுநிலத் தலைவர்களின் பெயர்கள் மறைந்துவிட்டன. இந்த நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது!

செங்கத்துக்குப் பக்கத்தில்தான் ஜவ்வாது மலை. அங்கும் கொல்லிமலையிலும் வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வதுண்டு). காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் ஒருவர் கொல்லிமலையில் குடியேறினார் என்பது இவர்கள் மரபுக்கதை. ஜவ்வாது மலையில் வழங்கிய கதையோ நாய்களால் நகர்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் அது இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பெண்கள் ஏழு பேரை வேடர்கள் கடத்திப் போகிறார்கள். ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு மீட்கக் கிளம்புகிறார்கள். "நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்" என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆறு வரை நீந்திவிட்டு வீடு திரும்பிவிடுகின்றன. ஆண்கள் வென்று வந்தபோது அவர்களுக்கு ஈமச் சடங்கே முடிந்திருக்கிறது. ஊரில் இடமில்லாமல் வேடர் பெண்களை மணந்து மலையேறினார்களாம். ஒரு இனக்குழுவின் பிறப்பையே நாய்கள் தீர்மானித்த கதை இது. உண்மையா என்பது வேறு விஷயம். நாயில்லாமல் காட்டுக்குள் போகிற மனிதனை அந்தக் கதை கற்பனை செய்யவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

சரி, அந்த வாய் எப்படி உருவானது? தமிழ்நாட்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலே பாதி விடை கிடைத்துவிடும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டி ஓடுபவை. ஒடுங்கிய நீண்ட தலை. தேனி மாவட்டத்துக் கோம்பை காட்டுப்பன்றியைப் பிடித்து நிறுத்த வேண்டியது; குட்டையான, பலமான வாய். மலைக் கிராமங்களில் காணும் பெயரில்லாத நாட்டு நாய்க்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஆப்பு வடிவத் தலை. வேட்டைக்காரன் எந்த அளவுகோலும் வைத்து இதைச் செய்யவில்லை. நன்றாகப் பிடித்த நாயின் குட்டியை வளர்த்தான், பிடிக்காததை விட்டுவிட்டான். பல தலைமுறைகளில் தலை மாறியது.

ஆகவே எலும்பைக் கடிக்கக் கொடுத்தால் குட்டியின் தாடை அகலமாகும் என்று சிலர் நம்புவதில் பொருளில்லை. தலையின் வடிவம் இரத்தத்தில் வருவது. முகம் குட்டையாவதில் எஸ்.எம்.ஓ.சி.2 என்ற மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடிப்பதால் தாடையை மூடும் தசைகள் பலம் பெறும், அவ்வளவுதான். கடினமான எலும்பைக் கடித்தால் அகலுவதற்குப் பதில் மேல் கடைவாயின் பெரிய பல் பிளந்துபோகலாம்.

வடிவத்தை மாற்ற முடியாது. ஆனால் கெடுக்க முடியும்! அதைக் கெடுக்கும் வழிகளில் முதலாவது கடிபொருள் அல்ல, சோறு. குட்டிக்கு வெறும் இறைச்சியோ வெறும் அரிசிச் சோறோ மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாமல் உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். தாடை எலும்பு மென்மையாகிவிடும். மருத்துவர்கள் இதை 'ரப்பர் தாடை' என்கிறார்கள். தென் மாவட்டங்களில் கன்னி நாயை வளர்த்தவர்கள் பாலோடு சோளக் கூழும் கேழ்வரகுக் கூழும் ஊற்றினார்கள், கறி எப்போதாவதுதான் என்று சொல்லப்படுகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கூழ் மட்டுமே ஒரு குட்டிக்கு முழு உணவு ஆகாது என்றாலும், பாலும் கேழ்வரகும் சேர்ந்த தட்டு வெறும் சோற்றுத் தட்டைவிட எவ்வளவோ மேல்.

இங்கேதான் கொல்லிமலை மீண்டும் வருகிறது. கேழ்வரகு, சாமை, தினை, வரகு என்று சிறுதானியம் விளைந்த மலை அது. 20-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி (அந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு) வயல்களைப் பிடித்துக்கொண்டது. ரேஷன் அரிசி வீட்டுக்குள் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே சிறுதானியங்களைக் காக்க உழைத்தது இதனால்தான். வயலில் என்ன விளைகிறதோ அது மனிதன் தட்டுக்கு வரும், மிச்சம் நாய்க்குப் போகும். தானியம் மாறியதைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் நாயின் தட்டை எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பாவம், அதற்கு யார் கணக்கெழுதுவார்கள்?

நாயின் வேலையும் மாறியது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை முடித்து வைத்தன. அது சரியான முடிவே. ஆனால் குட்டிக்குச் சட்டம் தெரியாது! மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் 28 பற்கள். மூக்குப் பகுதி நீண்டுகொண்டே போகும். நான்காம் மாத வாக்கில் அவை விழுந்து நிலைப்பல் வரும்போது ஈறு நமைச்சலில் செருப்பு, கதவு, கட்டில் கால் எதுவும் தப்பாது. இந்த நேரத்தில் பால் கோரைப்பல் விழாமல் நின்றுவிட்டால் புதிய பல் கோணலாக வந்து மேல்வாயைக் குத்தும். அதற்கு மலையிறங்கத்தான் வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் நாமக்கல்லிலேயே இருக்கிறது.

கடிக்க எதைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்குக் கடையில் விடை தேடும் வழக்கம் புதியது. அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட், ஃப்ரிட்ஸ், கற்களைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வேன் பழுதுபார்க்கும்போது அவர் தூக்கிப் போட்ட ரப்பர்த் துண்டை அது விடாமல் கடித்தது. அதிலிருந்து 1976-இல் பிறந்ததுதான் 'காங்' பொம்மை. மேற்கு நாடுகளில் மான்கொம்பும் கடிபொருளாக விற்கிறது. நம் நாட்டில் புள்ளிமான், கடமான் கொம்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் வேண்டாம். கல்லைப் போலவே அதுவும் பல்லை உடைக்கும்.

கொல்லிமலை வீட்டைச் சுற்றி உள்ளவற்றில் எச்சரிக்கை தேவைப்படுபவை சில. பச்சை மரவள்ளிக் கிழங்கிலும் தோலிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. குட்டி கடித்து விளையாட அது கட்டையல்ல. பலாக்கொட்டையை அப்படியே விழுங்கினால் குடலில் சிக்கலாம். கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் கோழி எலும்புக்குப் பஞ்சமில்லை. வெந்த எலும்பு சிலாம்புகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் எந்த எலும்புமே நாய்க்குப் பாதுகாப்பில்லை என்று எச்சரித்தது. கடைத்தோல் எலும்புகளும் ஊறி, துண்டாகி, விழுங்கப்படும்போது அடைத்துக்கொள்ளும்.

பல் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் சோதனை எளிது. கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும். குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவாகவும் இருக்க வேண்டும். நல்ல ரப்பர் பொம்மைக்குக் காசில்லாத வீட்டில் பழைய துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டு, நனைத்துக் குளிரவைத்துக் கொடுக்கலாம். நூல் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அந்தத் துண்டை வெடுக்கென்று இழுத்து விளையாடுவது பல் மாறும் மாதங்களில் வேண்டாம். ஏழாம் மாதத்தில் உதட்டை விலக்கி எண்ணிப் பார்க்கலாம். மேலே 20, கீழே 22.